மூன்று மொழிக்கு ஒரே வாக்கிய அச்சு: எந்தத் தொடரியல் கோட்பாட்டை எடுப்பது?

வேலூர் லாங்கு பஜாரில் கொஞ்ச நேரம் நின்று காது கொடுத்தால் ஒரே செய்தியை மூன்று மொழியில் கேட்டுவிடலாம். "அவன் வருவான்னு சொன்னான்" என்பது தமிழ். குடியாத்தம் பக்கத்துத் தெலுங்குக்காரர் "வாடு வஸ்தாடனி செப்பேடு" என்பார். பேரணாம்பட்டிலிருந்தோ மேல்விஷாரத்திலிருந்தோ வந்த, தக்னி என்னும் தென்னாட்டு உருது பேசுகிறவர் "ஓ ஆதா போல்கே போல்யா" என்பார். சொற்கள் வேறு வேறு. கட்டு ஒன்றேதான்: முதலில் செய்தி, அடுத்து 'என்று' என்னும் வேலையைச் செய்யும் ஒரு சின்னச் சொல், கடைசியில் 'சொன்னான்'. இதையே லக்னோ உருதுவில் சொன்னால் "உஸ்னே கஹா கி வோ ஆயேகா" என்று வரும். 'சொன்னான்' முன்னால் வந்துவிடும், நடுவில் 'கி', செய்தி கடைசியில்.

இன்னும் உள்ளே போனால் ஒற்றுமை கூடுகிறது. 'என்று' என்பது 'என்' என்ற வினையின் எச்சம். தெலுங்கு 'அனி' என்பது 'அனு' என்ற வினையின் எச்சம். தக்னி 'போல்கே' என்பது 'போல்' என்ற வினையின் எச்சம். மூன்றுக்கும் அடிப்பொருள் 'சொல்லி' என்பதே. 'ஏனென்றால்' என்று நாம் சொல்வதைத் தெலுங்கில் 'எந்துகண்டே' என்கிறார்கள், தக்னியில் 'க்யூங் போலே தோ' என்கிறார்கள். மூன்றும் 'ஏன் என்று சொன்னால்' என்ற ஒரே அச்சில் வார்த்தவை. உருதுவின் 'கி' பாரசீகத்திலிருந்து வந்தது. அதற்கும் 'சொல்'லுக்கும் உறவே இல்லை.

என்னிடம் படிக்கும் ஒரு மாணவி இதைத்தான் முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கிறார். ஊர் பேரணாம்பட்டு. வீட்டில் தக்னி, தெருவில் தமிழ், அம்மா வழி உறவுகளைப் பார்க்கச் சித்தூர் போனால் காதில் தெலுங்கு. தலைப்பு பிரச்சினை இல்லை. ஆய்வுத் திட்டத்தில் 'கோட்பாட்டுச் சட்டகம்' என்று ஒரு பத்தி எழுத வேண்டும், அங்கேதான் நின்றுவிட்டார். "சார், எந்தத் தியரி எடுக்கட்டும்?" என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். சொல்லி முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

வேலூரைப் பற்றி ஒரு வார்த்தை. 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமானது, தலைமையிடம் வேலூருக்கு வந்தது. நிர்வாகக் கோடு பிறகு வந்தது. பேச்சு அதற்கு முன்பே கலந்திருந்தது. மொழியியலாளர் எமனோ 1956இல் இந்தியாவையே ஒரு மொழிப் பரப்பு, அதாவது வேறு வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்தில் வாழ்ந்து ஒன்றுபோலாகிய இடம், என்று எழுதியபோது சொன்ன விஷயத்தை, இங்கே ஒரு பேருந்துப் பயணத்தில் காதால் கேட்கலாம். அதனால் இந்த ஊரிலிருந்து தொடரியல், அதாவது வாக்கியக் கட்டு பற்றிய ஆய்வு, செய்கிறவர் கோட்பாட்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: மொழிக்கு மொழி வேறுபாடு எங்கே குடியிருக்கிறது என்று நீ சொல்கிறாய்?

இந்தக் கேள்விக்கு மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி வழியில் வந்த பதில் காலத்தோடு மாறியிருக்கிறது. 1981 வாக்கில் பதில் 'பராமீட்டர்'. எல்லா மனிதருக்கும் இலக்கணத்தின் அடிப்படை ஒன்று. அதில் சில சுவிட்சுகள் உண்டு. குழந்தை தன் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளுகிறது. ஒரு சுவிட்சைத் தள்ளினால் பல விளைவு ஒன்றாக வரும். ஒரு தொடரின் தலைச்சொல், அதாவது அந்தத் தொடரின் இலக்கணத்தைத் தீர்மானிக்கும் சொல், கடைசியில் வரும் என்ற சுவிட்ச் விழுந்தால், வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், 'என்று' செய்திக்குப் பின்னால். தமிழ் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். உருது பாதி ஒத்துவந்து பாதியில் முரண்டு பிடிக்கிறது: வினை கடைசியில்தான், உருபும் பின்னால்தான், ஆனால் 'கி' செய்திக்கு முன்னால் வந்து அந்தச் செய்தியையே வினைக்குப் பின்னால் தள்ளுகிறது. நம் ஊர்த் தக்னி அந்த ஒரு முரணையும் சரிசெய்துகொண்டது. இதைப் பார்க்கும்போது சுவிட்ச் என்ற எண்ணத்தின் மேல் ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஆனால் அந்த எண்ணம் அடிவாங்கிய இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 'நான்' என்று சொல்லாமல் 'வந்தேன்' என்று மட்டும் சொல்ல முடிவது ஏன்? வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது, அதனால் எழுவாயை விட்டுவிடலாம் என்றார்கள். இத்தாலியனுக்கும் தமிழுக்கும் இது சரி. மலையாளத்துக்கு? அங்கே விகுதி உதிர்ந்துபோய்விட்டது, நானும் நீயும் அவனும் 'வந்நு'தான். இருந்தும் எழுவாயைத் தாராளமாக விடுகிறார்கள். இப்படிப் பல மொழிகளில் அடிபட்ட பிறகு பெரிய சுவிட்சுகள் சுருங்கின. ஹகித் போரர் 1984இல் சொன்ன கருத்து நிலைத்தது: வேறுபாடு இலக்கண விதியில் இல்லை, 'என்று', காலம் காட்டும் உருபு போன்ற சிறு சொற்களும் உருபுகளும் சுமக்கும் பண்புகளில்தான் இருக்கிறது. ரிச்சர்டு கெய்ன் இன்னும் ஒரு படி போய், தூரத்து மொழிகளை ஒப்பிடுவதைவிட அண்டை வட்டார வழக்குகளை ஒப்பிடுவதே நல்ல சோதனை என்றார். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, ஒரே ஒரு பண்பு மட்டும் மாறியிருப்பதைப் பார்க்கலாம் அல்லவா? டச்சு வழக்குகளுக்கு 267 ஊர்களில் தரவு திரட்டி 2005இலும் 2008இலும் இரண்டு தொகுதியாகத் தொடரியல் நிலப்படம் வெளியிட்டார்கள். பாலாற்றங்கரைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு வெகுநாளாக உண்டு.

இந்த வழியின் பலத்தை எங்கள் தரவிலேயே பார்த்தோம். தரமான உருதுவில் 'ரொட்டி சாப்பிட்டேன்' என்பதை 'மைங் நே ரோட்டீ காயீ' என்பார்கள். எழுவாய்க்கு 'நே' என்ற உருபு. வினை பெண்பாலான ரொட்டியோடு இயைந்து 'காயீ' ஆகிறது. தக்னியில் 'மைங் ரோட்டீ காயா'. 'நே' இல்லை, சாப்பிட்டவன் ஆண் என்பதால் 'காயா'. மேலே பார்த்தால் இரண்டு மாற்றம். அடியில் ஒன்று: உருபு ஏற்காத பெயரோடுதான் அந்த மொழியில் வினை இயையும், 'நே' போனதும் எழுவாய் வெறும் பெயராகிவிட்டது, வினை தானாக அதனிடம் வந்துவிட்டது. இப்படிப் பல வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு காரணத்தைத் தேடும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது சாம்ஸ்கி வழிதான். அந்தக் கடனை மறைக்க மாட்டேன்.

அப்புறம் ஏன் தயங்கினேன்? கெய்னே 1994இல் எல்லா மொழிக்கும் அடித்தளத்தில் வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால் என்று முன்மொழிந்தார். அதை ஏற்றால் தமிழ் வாக்கியம் ஒவ்வொன்றிலும் செயப்படுபொருளை இடப்பக்கம் நகர்த்தி நகர்த்தித்தான் நாம் பேசும் வரிசைக்கு வர வேண்டும். அதற்கு ஆதாரம் தேடுவதிலேயே ஒரு வருடம் போய்விடும், பேரணாம்பட்டுப் பேச்சு பையிலேயே கிடக்கும். இது நான் பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் ஆய்வேட்டில் இயைபுக்கென்றே தனித் தொடர், எழுவாய்க்கு ஒன்று, செயப்படுபொருளுக்கு ஒன்று என்று கணு வைத்து, வாக்கியக் கட்டைக் காட்டும் மரப்படம் நூற்றுக்கு மேல் வரைந்தேன். 1995இல் சாம்ஸ்கியே அந்தக் கணுக்களைக் கைவிட்டார். என் மரங்களுக்கு அதற்குப் பிறகு வாசகர் இல்லை. அவற்றுக்காக நான் பதிவு செய்து எழுதி வைத்த வாக்கியங்களை மட்டும் இன்றும் மாணவர்கள் கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். "ராஜா தான் ஜெயிச்சேன்னு சொன்னான்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஜெயித்தது ராஜா, பேசுகிற நான் இல்லை. ஆனால் '-னு'வுக்குள்ளே வினை தன்மை விகுதி எடுத்து 'ஜெயிச்சேன்' என்று நிற்கிறது, எழுவாயோ 'தான்'. இதைச் சந்தியா சுந்தரேசன் சாம்ஸ்கி வழியில் நின்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார். யாராவது இந்த 'தான்' பற்றி ஆய்வு செய்ய வந்தால், வேறு யோசனையே வேண்டாம், சாம்ஸ்கி வழியின் இன்றைய வடிவமான மினிமலிசத்துக்குப் போங்கள் என்பேன். அங்கே உரையாடல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

இனி எல்.எஃப்.ஜி., அதாவது லெக்சிகல் ஃபங்ஷனல் கிராமர். ஜோன் பிரெஸ்னனும் ரொனால்டு கப்லானும் 1982இல் முழு வடிவம் கொடுத்தது. இதன் அடிப்படை எண்ணம் எளிது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரே மரம் போதாது. எந்தச் சொல் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதற்கு ஒரு தளம். யார் எழுவாய், எது செயப்படுபொருள், எந்தக் காலம் என்பதற்கு இன்னொரு தளம். இரண்டையும் விதிகள் இணைக்கும். எதையும் எங்கிருந்தும் எங்கும் நகர்த்த வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மொழியில் சொற்கள் வாக்கியமெங்கும் சிதறி வரும். ஆங்கிலத்தில் வரிசை கட்டி வரும். முதல் தளத்தில் இரண்டும் எதிரெதிர், இரண்டாம் தளத்தில் அண்ணன் தம்பி.

இப்போது நம் பஜார் வாக்கியத்தை இதில் வைத்துப் பாருங்கள். லக்னோ உருதுவுக்கும் தக்னிக்கும் இரண்டாம் தளம் ஏறக்குறைய ஒன்றுதான்: சொல்வது யார், சொன்ன செய்தி என்ன. வேறுபாடு முழுக்க முதல் தளத்தில். தக்னிக்கும் தமிழுக்கும் முதல் தளமும் ஒன்று. அப்படியானால் தொடர்பில் வந்து கலந்தது எது, கலக்காமல் நின்றது எது என்பதைத் தளம் தளமாகப் பிரித்துக் காட்டலாம். மொழித் தொடர்பு பற்றிய ஆய்வுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்னொரு காரணம் 'எனக்கு'. 'எனக்குப் பசிக்குது' என்பதில் எழுவாய் எது? பள்ளி இலக்கணம் 'எனக்கு' நான்காம் வேற்றுமை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஆனால் 'குமாருக்குத் தன் வீடு பிடிக்கும்' என்றால் அந்தத் 'தன்' குமாரைத்தான் குறிக்கிறது. 'தன்' பொதுவாகத் தேடிப்போவது எழுவாயை. ஆக 'குமாருக்கு' உருபில் நான்காம் வேற்றுமை, நடத்தையில் எழுவாய். வினையோ அவனோடு இயைய மறுக்கிறது. 'எனக்கு அவளைப் பிடிக்கும்' என்பதில் எழுவாய் வேற்றுமையில் ஒரு பெயர்கூட இல்லை! உருபு ஒரு தளம், உறவு ஒரு தளம் என்று பிரித்துவிட்டால் இது சிக்கலே இல்லை. மலையாளத்துக்கு இந்த வேலையை கே.பி. மோகனன் 1982லேயே எல்.எஃப்.ஜி.யில் செய்துவிட்டார். தக்னியில் 'மேரேகு பூக் லக்ரீ' என்பதும் இதே அச்சு. உருதுவுக்கு மிரியம் பட் பல ஆண்டாக எல்.எஃப்.ஜி.யில் கணினி இலக்கணமே கட்டியிருக்கிறார். மாணவிக்குத் தன் தக்னியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு முழு உருது இலக்கணம் தயாராக இருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

குறையும் உண்டு. இந்தச் சட்டகத்தில் எதையும் எழுதலாம். எழுத முடியாதது எது என்று அது அழுத்திச் சொல்வதில்லை. ஒரு மொழியில் இப்படி இருக்கவே முடியாது என்ற துணிச்சலான கணிப்பு வேண்டுமென்றால் சாம்ஸ்கி வழியில்தான் கிடைக்கும். அப்புறம், எல்.எஃப்.ஜி. தெரிந்த தேர்வாளர் நம் பக்கத்தில் எளிதில் கிடைக்க மாட்டார். இதை மாணவியிடம் முதலிலேயே சொன்னேன்.

சார்பு இலக்கணத்தைத் தமிழ் படித்தவர்கள் அந்நியமாக நினைக்கத் தேவையே இல்லை. லூசியன் தெனியேரின் நூல் அவர் இறந்த பிறகு 1959இல் பிரெஞ்சில் வந்தது. வினைதான் நடு, மற்ற சொற்கள் அதைச் சார்ந்து நிற்கின்றன என்றார். நம் உரையாசிரியர்கள் 'இச்சொல் இவ்வினை கொண்டு முடிந்தது' என்று எழுதினார்களே, அதுவும் சொல்லுக்கும் சொல்லுக்கும் கோடு போடுவதுதான். எச்சம் என்ற பெயரே 'இன்னும் முடியவில்லை, முடிக்கும் சொல்லைத் தேடு' என்கிறது. வினைக்கும் பெயருக்கும் உள்ள உறவைச் சொல்லும் பாணினியின் காரக எண்ணத்தை வைத்து அக்ஷர் பாரதி குழு 1995இல் இந்திய மொழிகளுக்கான கணினிச் சட்டகத்தை நூலாக்கியது. 'யுனிவர்சல் டிபெண்டன்சிஸ்' என்ற இன்றைய திட்டத்தில் உலக மொழிகளை ஒரே அடையாளக் குறிகளால் குறிக்கிறார்கள். தமிழுக்கு 600 வாக்கியம் கொண்ட ஒரு தொகுப்பு பிராகா நகரத்தில் உருவாகி அதில் சேர்ந்தது. அது செய்தித்தாள் தமிழ். நம் ஊர் 'வந்துகினு கீறான்' அதில் இருக்காது.

கற்றுக்கொள்ள எளிது, ஒரு மாதத்தில் கை வந்துவிடும். ஆனால் எங்கள் கேள்விக்கு ஒரு பெரிய தடை. அந்தத் திட்டத்தில் பொருள் தரும் சொல்லே தலை. இலக்கண வேலை செய்யும் சொல் அதன் கீழே ஒரு குறி. 'கி'யும் 'என்று'வும் 'போல்கே'வும் பெரும்பாலும் ஒரே குறியைத்தான் பெறும். இடம் முன்னா பின்னா என்பது மட்டும் தெரியும். 'போல்கே' இன்னும் வினையாக உயிரோடு இருக்கிறதா, வெறும் இணைப்புச் சொல்லாக உறைந்துவிட்டதா என்பது அந்தக் குறிக்குள் மறைந்துபோகும். மாணவியின் ஆய்வே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஹெச்.பி.எஸ்.ஜி. (ஹெட்-டிரிவன் ஃப்ரேஸ் ஸ்ட்ரக்சர் கிராமர்) பற்றிச் சுருக்கமாக. பொலார்டும் சாகும் 1994 நூலில் கட்டிய இந்த வழியில் எல்லாமே சொற்களின் வகைப் படிநிலை, கணக்கில் துல்லியம். எமிலி பெண்டர் குழு ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் மொழிக்கு ஒரு தொடக்க இலக்கணத்தைக் கணினியே கட்டித்தரும் அமைப்பை உருவாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வம்பாயா மொழிக்கு அதை வைத்து இலக்கணம் எழுதிக் காட்டினார் பெண்டர். நிரல் எழுதத் தெரிந்தவர், கூடவே உதவ ஒரு ஆள் உள்ளவர் எடுக்கலாம். தனியாக, களப்பணியோடு சேர்த்து? நான் அனுப்ப மாட்டேன்.

பல மொழிகளை ஒப்பிட்டுப் பொதுமை தேடும் கிரீன்பெர்க் வழியைக் கேட்பவர்களும் உண்டு. 1963இல் 30 மொழிகளை வைத்து 45 பொதுமைகளைச் சொன்னார். வினை கடைசியில் வரும் மொழியில் உருபு பெரும்பாலும் பின்னால் வரும் என்பது அதில் ஒன்று. தக்னி ஏன் தமிழ்ப் பக்கம் சாய்ந்தது என்று பேசும்போது இது பின்னணியாக வேண்டும். வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவி அதில் இல்லை.

முடிவுக்கு வந்தது எந்த இடத்தில் என்றால், ஒரு சின்ன வித்தியாசத்தில். தமிழ் இந்த வேலையைப் பங்கு போட்டுவிட்டது: இணைக்க 'என்', பேச 'சொல்'. தெலுங்கும் அப்படியே, 'அனு' ஒன்று, 'செப்பு' ஒன்று. தக்னியில் பங்கு இல்லை. 'போல்கே போல்யா' என்று இரண்டு இடத்திலும் ஒரே வினை. அச்சைக் கடன் வாங்கியவர்கள் அதில் ஊற்றியது தங்கள் சொந்த உலோகத்தை. தமிழிலும் 'என்' முழுதாகச் செத்துவிடவில்லை. 'வரேன்னான்' என்று முற்றாகவும் நிற்கிறது, 'ன்னா', 'ங்கற', 'ங்கறது' என்று கிளைத்தும் நிற்கிறது. ஒரு சொல் பாதி வினை, பாதி இணைப்பு என்ற இந்த நிலையைச் சொல்லகராதிப் பதிவில் நேரடியாக எழுதி, அது இரண்டு தளத்திலும் என்ன செய்கிறது என்று தனித்தனியாகக் காட்ட எல்.எஃப்.ஜி. இடம் தருகிறது. அதனால் மாணவிக்கு அதைத்தான் சொன்னேன்: சட்டகம் எல்.எஃப்.ஜி.; 'நே' உதிர்ந்த அத்தியாயத்தில் மட்டும் கெய்ன் சொன்ன அண்டை வழக்கு ஒப்பீட்டு முறை; பதிவு செய்யும் வாக்கியங்களுக்கு முதலில் எளிய சார்புக் குறி, யார் வேண்டுமானாலும் பிறகு எடுத்துப் பயன்படுத்தும்படி.

"தேர்வாளர் கிடைக்கலன்னா சார்?" என்று கேட்டார். அதற்காகத்தான் தரவை எந்தக் கோட்பாடும் கலக்காமல் தனிப் பின்னிணைப்பாகக் கொடுக்கச் சொன்னேன். சாம்ஸ்கி வழிக்காரர் வந்தாலும் அதை வைத்துச் சண்டை போடலாம்.

அடுத்த வாரம் அவர் பேரணாம்பட்டுக்குப் போகிறார், தன் பாட்டியிடமிருந்தே தொடங்குகிறார். முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வியை இருவரும் சேர்ந்து எழுதினோம். பள்ளியில் உருது படித்தவர்களிடம் 'கி'யும் உண்டு, வீட்டில் 'போல்கே'யும் உண்டு. ஒரே வாக்கியத்தில் செய்திக்கு முன்னால் 'கி', பின்னால் 'போல்கே' என இரண்டையும் சொல்வார்களா? சொன்னால் இரண்டும் ஒரே இருக்கைக்குப் போட்டி போடும் சொற்கள் இல்லை என்றாகும். 'போல்கே'யைத் தனி வினையாக எழுதிய எங்கள் பதிவு நிற்கும். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் காது ஒப்பவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் மறுத்தால், அதைத் திருத்தி எழுத வேண்டும். அதற்காக நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.